தற்செயலும் தக்தீரும்

உயிர்கள் எவ்வாறு தோன்றின என்னும் கேள்வி முன்பெல்லாம் படித்தவர்கள் கூடும் சபைகளில்தான் பேசப்பட்டது. இன்று அது பிள்ளைகளின் புத்தகப்பை வழியாக நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை 2023இல் நீக்கினார்கள். அப்போது 1,800க்கும் அதிகமான விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையொப்பமிட்டதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். ஒரு பாடத்தைக் கிழித்தெறிவதால் கேள்வி போய்விடுவதில்லை.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் வழியிலுள்ள இண்டூரிலிருந்து ஒரு தாயார் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு. நர்ஸ் படிப்புப் படிக்க வேண்டும் என்பது பெண்ணின் ஆசை. பெண்ணின் மாமா இந்தப் பாடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் தற்செயலாக வந்தது என்று கைப்பட எழுதினால் ஈமான் என்ன ஆகும்? பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுக்கவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டாராம். வீட்டில் இரண்டு வாரமாகப் பேச்சு வார்த்தை சரியில்லை. பரீட்சையில் இந்தப் பதிலை எழுதலாமா, கூடாதா என்பதே தாயாரின் கேள்வி.

எழுதலாம் சகோதரியாரே, நன்றாகப் படித்து முழு மதிப்பெண் வாங்கும்படியே எழுதலாம். ஆனால் இவ்வளவு மட்டும் சொன்னால் அந்த மாமாவின் மனம் ஒப்பாது. அவருடைய அச்சம் வீண் அச்சமும் அன்று. ‘எல்லாம் தற்செயல்; ஆகவே படைத்தவன் ஒருவன் தேவையில்லை’ என்று மேடையேறிப் பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பேச்சின் முன்பாதியை விஞ்ஞானம் உண்மையிலேயே சொல்கிறதா, பின்பாதி அதிலிருந்து பிறக்கிறதா என்று பார்ப்பதே இம்மாதப் பாடம்.

தற்செயல் என்னும் சொல்

பரிணாமப் பாடத்தில் தற்செயல் என்னும் சொல் முக்கியமாக வருமிடம், ஜீன்களில் உண்டாகும் சடுதி மாற்றத்தைப் பற்றிய இடம். 1943இல் லூரியா, டெல்ப்ரூக் என்னும் இருவர் அமெரிக்காவில் பாக்டீரியாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வைரஸ் தாக்கியபோது சில பாக்டீரியாக்கள் பிழைத்தன. வைரஸைக் கண்ட பிறகு அவை தம்மை மாற்றிக்கொண்டனவா, அல்லது அதற்கு முன்பே மாறியிருந்தனவா? முன்பே மாறியிருந்தன என்று கணக்கு காட்டிற்று. அதாவது, அந்த உயிருக்குத் தேவை என்பதற்காக மாற்றம் வருவதில்லை. வந்த மாற்றம் சில சமயம் உதவுகிறது, பல சமயம் உதவுவதில்லை. உயிரியலில் தற்செயல் என்பதற்கு இவ்வளவுதான் பொருள். காரணமே இல்லாமல் நடந்தது என்றோ, யாரும் அறியாமல் நடந்தது என்றோ அது சொல்லவில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் தெருவில் யாருக்கேனும் காசநோய் கண்டால் ஒரே மருந்தாகக் கொடுக்காமல் மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்களே, ஏன்? ஐசோநியாசிட் மருந்துக்கு மசியாத கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று தானாகவே இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதது ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று. இரண்டுக்குமே மசியாத ஒரு கிருமி இருக்க வேண்டுமானால் இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். கோடி கோடியில் ஒன்று ஆகிவிடுகிறது. நோயாளியின் நுரையீரலில் அத்தனை கிருமிகள் இரா. ஆகவே மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி தப்ப வழியில்லை. பாதியில் நிறுத்தினாலோ, ஒன்றை மட்டும் விழுங்கினாலோ, மசியாத கிருமி மட்டும் தங்கிப் பெருகும். 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டு குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது. அங்கே வேலை செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பரிணாமம் பொய் என்று திண்ணையில் வாதிடுகிற பெரியவரும் காய்ச்சல் வந்தால் இந்தக் கணக்குப்படி தயாரான மாத்திரையைத்தான் பிஸ்மி சொல்லி விழுங்குகிறார். நர்ஸாக விரும்பும் பெண்ணுக்கு இது தெரியாமல் முடியுமா?

இனி நம் மார்க்கத்தின் பக்கம் வருவோம். ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரில் யாரை உடன் அழைத்துச் செல்வது என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியில் வந்திருக்கிறது. மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்று வளர்ப்பது என்பதற்கு எழுதுகோல்களைப் போட்டுப் பார்த்த செய்தி ஆல இம்ரான் அத்தியாயத்தில் உண்டு. கப்பலில் யூனுஸ் (அலை) அவர்கள் பெயருக்குச் சீட்டு விழுந்த வரலாறு ஸாஃப்ஃபாத் அத்தியாயத்தில் உண்டு. அம்பு போட்டுக் குறி பார்ப்பது ஹராம். அது வேறு விஷயம், இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. சீட்டு என்றால் என்ன? யார் பெயருக்கு விழும் என்று குலுக்குகிறவருக்குத் தெரியாது, அதுதான் தற்செயல். தெரியாதது மனிதருக்கு. அந்தச் சீட்டு அல்லாஹ்வின் அறிவுக்கு வெளியே விழுந்தது என்று எந்த ஆலிமாவது சொன்னதுண்டா?

கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்பதும் அப்படியே. தந்தையிடமிருந்து எக்ஸ் நிறமூர்த்தம் வருகிறதா ஒய் நிறமூர்த்தம் வருகிறதா என்பது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அதே பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறாள். பிள்ளை பிறந்ததும் ‘அல்லாஹ் கொடுத்தான்’ என்று அதே வீட்டில் இனிப்பு வழங்குகிறோம். இரண்டும் மோதுவதாக யாருக்கும் தோன்றுவதில்லை. நாணயம் சுண்டும் கணக்கு தக்தீரை மறுக்கவில்லை என்றால், சடுதி மாற்றத்தின் கணக்கு மட்டும் எப்படி மறுக்கும்?

மேடைப் பேச்சாளர் செய்யும் தாவல் இங்கேதான் இருக்கிறது. ‘இதன் விளைவை முன்கூட்டிச் சொல்ல நம்மால் முடியாது’ என்பது ஆய்வுக்கூடத்துச் செய்தி. ‘ஆகவே இதை அறிந்தவன், நாடியவன் யாருமில்லை’ என்பது அவருடைய சொந்த நம்பிக்கை. அதை எந்த நுண்ணோக்கியிலும் அவர் பார்த்ததில்லை. நம் சந்தேகத்தையெல்லாம் இந்தத் தாவலின் மீது வைக்க வேண்டும். நம்மவர்களோ பெரும்பாலும் அதை விட்டுவிட்டு, பாறையிலும் எலும்பிலும் இருக்கிற சான்றுகளோடு சண்டைக்குப் போகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பழம்பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. அரியலூர் மண்ணில் கிடைக்கும் அம்மோனைட் சிப்பிகளின் உயிரினம் இன்று எந்தக் கடலிலும் இல்லை. உலகுக்கு வயது ஆறாயிரம் ஆண்டு என்னும் கணக்கு நம் மார்க்கத்தின் நம்பிக்கை அன்று; வேறு சிலருடைய சண்டையை நாம் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

இலங்கையர் இருவர்

உயிரினங்கள் மாறி வந்தன என்பது வேறு, முதல் உயிர் எப்படி வந்தது என்பது வேறு. முன்னதற்குச் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. பின்னதில் விஞ்ஞானம் இன்னும் வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறது. ரஷ்யாவில் ஓபாரின் 1924லிலும், இங்கிலாந்தில் ஹால்டேன் 1929லிலும், ஆதி உலகின் வாயுக்களும் நீரும் சேர்ந்து உயிரின் மூலப்பொருள்கள் உருவாகியிருக்கலாம் என்று எழுதினார்கள். அந்த ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். 1953இல் சிகாகோவில் மில்லர் என்ற இளைஞர் மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்துக்குள் அமினோ அமிலங்கள் கிடைத்தன. ஆதி உலகின் காற்று அப்படி இருந்திராது என்றே பின்னாளில் பலர் கருதினர். ஆயினும் கதவு திறந்துவிட்டது.

இந்தக் கதவில் நுழைந்தவர்களில் ஒருவர் சிரில் பொன்னம்பெருமா. 1923இல் இலங்கையின் காலி நகரில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1948இல் பட்டம் பெற்றார். அவர் அங்கே படித்தது ரசாயனம் அல்ல, தத்துவம். பிறகு லண்டனிலும் கலிபோர்னியாவிலும் ரசாயனம் கற்று, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் சேர்ந்தார். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவரும் குழுவினரும் 1970இல் வெளியிட்டார்கள். பூமியின் உயிர்களில் பெரும்பாலும் இடக்கை வடிவ அமினோ அமிலங்களே உண்டு. கல்லிலோ இடக்கை, வலக்கை இரண்டு வடிவமும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. ஆகவே தொட்டவர் கையழுக்கு அன்று, விண்ணிலிருந்தே வந்தது என்பது தெளிவாயிற்று. 2023இல் பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண் எடுத்து வந்தார்கள். உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14ம், மரபுப் பொருளின் எழுத்துகளான ஐந்து காரங்களும் அதில் உண்டு என்று 2025இல் அறிவித்தார்கள்.

மற்றவர் சந்திரா விக்கிரமசிங்க. 1939இல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் வானியல் அறிஞர் பிரெட் ஹாயிலின் மாணவர். ஆசிரியரும் மாணவரும் 1981இல் ஒரு நூல் எழுதி, ஓர் உயிரணுவுக்கு வேண்டிய 2,000 என்சைம்கள் தற்செயலாகச் சேர்வதற்கு வாய்ப்பு, 1க்குப் பின் 40,000 சுழியம் போட்டால் வரும் எண்ணில் ஒன்றுதான் என்று கணக்குக் காட்டினார்கள். பழைய இரும்புக் கிடங்கில் சூறாவளி புகுந்து ஆகாய விமானத்தைப் பூட்டி முடிப்பதைப் போல என்று ஹாயில் சொன்ன உவமை உலகெங்கும் பரவியது. நம் பயான் மேடைகளிலும் அதை இன்றும் கேட்கலாம்.

அந்த உவமையை எடுத்தாள்வோர் அதன் கதையை முழுவதும் சொல்வதில்லை. இருவரும் அந்தக் கணக்கிலிருந்து கண்ட முடிவு, உயிர் வால்மீன்கள் வழியாக விண்ணிலிருந்து விதைக்கப்பட்டது என்பதாகும். 1981 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், படைப்புக் கொள்கையையும் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்னும் சட்டத்தின் மீது வழக்கு நடந்தது. சட்டத்தை ஆதரிக்கும் தரப்புக்காக விக்கிரமசிங்க சாட்சி சொன்னார். பூமியின் வயது 10 லட்சம் ஆண்டுக்குக் குறைவு என்று அறிவுள்ள விஞ்ஞானி எவரும் நம்பமாட்டார் என்றும் அவரே கூண்டில் ஒப்புக்கொண்டார். இவரை ஏன் இந்தத் தரப்பு அழைத்தது என்று நீதிபதி வியந்து எழுதும்படி ஆயிற்று.

கணக்கிலும் ஒரு குறை உண்டு. இன்றுள்ள முழு வடிவ என்சைம்கள் அத்தனையும் ஒரே வீச்சில், ஒரே சமயத்தில் கூட வேண்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. மத்ரஸாவில் ஹிஃப்ள் ஓதும் பிள்ளையை, எதையும் முன்பு ஓதாமல், 114 அத்தியாயங்களையும் ஒரே அமர்வில் பிழையின்றிச் சொல் என்றால் வாய்ப்பு சுழியம்தான். அன்றன்றைய பாடம் மனத்தில் தங்கி, அதன்மேல் அடுத்தது ஏறினால் சில ஆண்டுகளில் ஹாஃபிள் ஆகிவிடுகிறான். கிடைத்தது தங்கும் என்று சேர்த்துவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. (மத்ரஸாவில் உஸ்தாது இருக்கிறாரே என்று வாசகர் கேட்கலாம். உயிரினங்களில் தங்க வைப்பது, பிழைத்துப் பெருகுதல் என்னும் நியதி. அந்த நியதியை வைத்தவன் யார் என்பதுதான் நமக்கும் மேடைப் பேச்சாளருக்கும் உள்ள வழக்கு.) 2001இல் அமெரிக்காவில் ஷோஸ்டாக்கும் கீஃபும் ஒரு சோதனை நடத்தினார்கள். கண்டபடி கோக்கப்பட்ட புரதங்களில் ஏறத்தாழ 10,000 கோடியில் ஒன்று, ஏடிபி என்னும் உயிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் வேலையைச் செய்தது. அது அரிதுதான், ஆனால் 40,000 சுழிய அரிது அன்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. புரதச் சங்கிலி தன் மனம்போல் எப்படி வேண்டுமானாலும் வளைவதில்லை. எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் முடியாது என்று வரைந்து காட்டியவர் சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன். 1963இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட அந்த வரைபடம் இன்றும் உலகமெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதில் பெரும்பகுதி காலியிடம். அங்கே சங்கிலி போகவே முடியாது. பொருள்களுக்கு நியதி இருக்கிறது. தற்செயல் அந்த நியதியின் வரப்புக்குள்தான் ஓடுகிறது. இதை ஸுன்னத்துல்லாஹ், அல்லாஹ் வகுத்த வழமை என்று நம் பெரியோர்கள் சொல்வார்கள்.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வெறும் ரசாயனப் பொருள்களிலிருந்து தன்னைத்தானே பெருக்கும் ஓர் உயிரணுவை இதுவரை எந்த ஆய்வுக்கூடமும் உண்டாக்கவில்லை. 2010இல் கிரெய்க் வெண்டர் குழுவினர் உயிரை உண்டாக்கிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் முழங்கின. அவர்கள் மரபுப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்து, ஏற்கெனவே உயிரோடிருந்த பாக்டீரியாவினுள் செலுத்தினார்கள். பென்னுவும் மர்ச்சிசனும் தந்தவை செங்கற்கள். வீடு எழும்பிய விதம் தெரியவில்லை. பெருக்கம் தொடங்கிய பிறகுதான் பிழைத்துத் தங்குதல் வேலை செய்யும். பெருக்கமே தொடங்கியது எப்படி என்பதில்தான் சிக்கல். ‘உயிர் தானாக வந்ததை நிரூபித்துவிட்டார்கள்’ என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று நம் பிள்ளை தயங்காமல் சொல்லலாம். ஆனால் அந்தத் தெரியாமையின் மேல் ஈமானைக் கட்டிவைப்பது ஆபத்து. இன்னும் 50 ஆண்டில் அந்த வழி தெரிந்துவிட்டால் அன்றைய பேரப்பிள்ளை என்ன செய்வான்?

மண்ணும் மனிதனும்

நம் நாட்டில் முஸ்லிம்கள் இந்தக் கொள்கைக்குக் கொடுத்த பழைய பதில்களில் ஒன்று ஹைதராபாத்தில் எழுதப்பட்டது. ஜமாலுத்தீன் ஆப்கானி அங்கே தங்கியிருந்தபோது, 1881இல் பாரசீகத்தில் வெளிவந்த நூலில் டார்வினைக் கடுமையாக எள்ளினார். நாய்களின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டினால் வாலில்லாத குட்டி பிறக்குமாம் என்னும் கதையை எடுத்துக்கொண்டு, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கத்னா செய்தும் ஒரு பிள்ளையும் அப்படிப் பிறக்கவில்லையே என்று கேட்டார். கேள்வி கூர்மையானதுதான், உடலில் வெட்டிய வெட்டு பிள்ளைக்கு இறங்காது என்று பிற்கால உயிரியலும் ஒப்புக்கொண்டது. ஆனால் டார்வினின் கொள்கை அந்த வாலைப் பிடித்துத் தொங்கவில்லை. ஆப்கானியே பிற்காலத்தில் சுருதியைத் தணித்துக்கொண்டார். சிரியாப் பகுதியின் திரிப்போலி நகரில் ஹுஸைன் அல்ஜிஸ்ர் என்னும் ஆலிம் 1888இல் எழுதிய நூலில், இக்கொள்கை உறுதியாக நிலைநாட்டப்படுமானால் வசனங்களை அதற்கேற்ப விளங்கிக்கொள்ள இடமுண்டு, படைப்பவன் அல்லாஹ் என்பதில் மாற்றமில்லை என்னும் கருத்தைத் தெரிவித்தார். மாமா அவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களையும் கேட்கட்டும். கிரகணத்தைக் கணக்கிட்டுச் சொல்பவனோடு மார்க்கத்தின் பெயரால் சண்டையிடுகிறவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்பது ‘தஹாஃபுத்’ நூலின் முன்னுரையிலேயே அவர்கள் சொன்ன கருத்து.

ஆதம் (அலை) அவர்களைப் பற்றிய இடம்தான் கடினமானது. அதை மறைத்து எழுதுவது முறையாகாது. மனித உடலும் குரங்கின உடல்களும் உறவுடையவை என்பதற்குச் சான்றுகள் வலுவாகவே இருக்கின்றன. சிம்பன்சிக்கு நிறமூர்த்தங்கள் 24 சோடி, மனிதருக்கு 23. மனிதரின் இரண்டாவது நிறமூர்த்தம் இரண்டு நிறமூர்த்தங்கள் முனையோடு முனை ஒட்டியதன் தழும்பைத் தாங்கியிருப்பதை 1991இல் கண்டார்கள். ஆதம் (அலை) அவர்களைத் தாய் தந்தையின்றி அல்லாஹ் நேராகப் படைத்தான் என்பதோ உலமாக்களில் மிகப் பெரும்பாலோரின் முடிவு. டேவிட் ஸாலமன் ஜலாஜில் என்பவர் 2009இல் எழுதிய ஆய்வில், மற்ற உயிரினங்கள் எப்படி வந்தன என்பதில் மார்க்க ஆதாரங்கள் வாய்திறக்கவில்லை என்றார். ஆகவே அங்கே மறுக்கவும் வேண்டாம், மார்க்கத்தின் பெயரால் வலியுறுத்தவும் வேண்டாம் என்பது அவர் கருத்து. ஆதமுடைய படைப்பை மட்டும் வசனத்தில் வந்தபடி ஏற்க வேண்டும் என்றார். மரபணு ஆய்வு சொல்வது பெருங்கூட்டங்களின் வரலாற்றை. தனியொருவர் விஷயத்தில் நடந்த முஃஜிஸாவை அது காட்டவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இதற்கு மேலும் போகிறவர்கள் உண்டு, இவ்வளவுக்கும் உடன்படாதவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புக் கேள்வித்தாள் ஆதம் (அலை) அவர்களைப் பற்றிக் கேட்பதில்லை. பாடத்திலுள்ள சான்றுகள் எவை, விளக்கம் எது என்றுதான் கேட்கிறது. கேட்டதற்குப் பதில் எழுதுவது ஷஹாதத்தை மாற்றிச் சொல்வதாகாது.

உயிர் மண்ணிலிருந்து கிளம்பியது என்ற பேச்சே நம் முன்னோர்களை அச்சுறுத்தவில்லை என்பது பலருக்குத் தெரியாது. கி.பி. 869இல் மறைந்த அல்ஜாஹிழ் உயிரினங்களைப் பற்றி எழுதிய பெருநூலில், சில சிற்றுயிர்கள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகப் பிறப்பதாகவே எழுதினார். அது தவறு என்று 1860களில் பாஸ்டர் காட்டினார். ஸ்பெயின் நாட்டின் இப்னு துஃபைல், 1185இல் மறைந்தவர், மருத்துவர், சுல்தானின் சபையில் இருந்தவர். ‘ஹய்யு இப்னு யக்ளான்’ என்னும் தம் கதையைப் பூமத்திய ரேகைக்குக் கீழே இந்தியாவைச் சேர்ந்த ஒரு தீவில் நிகழ்வதாக அமைத்தார். அங்கே களிமண் புளித்து, அதன் சூடும் குளிர்ச்சியும் சமப்பட்டு, தாயும் தந்தையும் இன்றி ஒரு குழந்தை உருவாயிற்று என்று ஒரு வரலாறு சொல்கிறார். அதை ஒப்பாதவர்களுக்காக, வேறொரு தீவிலிருந்து பேழையில் வைத்து அலையில் விடப்பட்ட குழந்தை அது என்று இன்னொரு வரலாறும் தருகிறார். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் அந்தப் பிள்ளை வளர்ந்து, மானையும் நட்சத்திரத்தையும் நெருப்பையும் பார்த்துப் பார்த்து, யாரும் சொல்லித்தராமலே படைத்தவன் ஒருவன் உண்டு என்று கண்டுகொள்கிறது. களிமண்ணிலிருந்து வந்ததாகச் சொல்லும் வரலாற்றிலும் அதற்குத் தடை ஏதும் நேரவில்லை.